பூரணமிட்ட பேரீச்சம்பழம்: தீயின்றிச் செய்யும் பண்டமும் அதன் பாதுகாப்பும்

சமையலில் அடுப்பு இரண்டு பணிகளைச் செய்கிறது. பொருளை மென்மையாக்கிச் சுவை சேர்ப்பது ஒன்று. அதில் ஒட்டியிருக்கும் கிருமிகளைக் கொல்வது மற்றொன்று. முதற் பணி கண்ணுக்கும் நாவுக்கும் தெரிகிறது. இரண்டாவது பணி எவரும் கேளாமலே நடந்துவிடுவதால், அதனைப் பலரும் நினைத்துப் பார்ப்பதில்லை. அடுப்பில் ஏற்றாமலே செய்து உண்ணப்படும் பண்டங்களில் இந்த இரண்டாவது பணியை எது செய்கிறது என்பது ஆராயத்தக்க கேள்வியாகும். ரமலான் மாதத்தில் நோன்பு திறப்பதற்காக இல்லங்களில் செய்யப்படும் பூரணமிட்ட பேரீச்சம்பழம் இதற்கு ஏற்றதோர் எடுத்துக்காட்டு.

இப்பண்டத்தின் செய்முறை மிக எளிது. பழத்தைக் கீறிக் கொட்டையை நீக்கி, அது இருந்த குழியில் பருப்போ, பொடியோ, பாற்பொருளோ வைத்து மூடிவிட வேண்டும், அவ்வளவே. மும்பை மாநகரில், குறிப்பாகத் தாராவி போன்ற பகுதிகளில், இம்முறைக்கு ஒரு தனி வசதி உண்டு. மாஹிமுக்கும் சயானுக்கும் இடையில், இரண்டரைச் சதுர கிலோமீட்டருக்கும் குறைவான பரப்பில் அமைந்த இக்குடியிருப்பில், ஒரே அறை வீடாகவும் பட்டறையாகவும் பயன்படுவது வழக்கம். பகலில் தையல் இயந்திரமோ தோற்பொருள் வேலையோ நடைபெறும் அறையில், மாலையில் எண்ணெய்ச் சட்டியை ஏற்றிப் பஜ்ஜி பொரிப்பது புழுக்கத்தையும் புகையையும் கூட்டும். தீ விபத்துக்கும் இடமுண்டு. பேரீச்சம்பழத்துக்கோ ஒரு தட்டும் ஒரு கத்தியும் போதும்.

தாராவியில் தமிழ் முஸ்லிம்களின் வரலாறு பழமையானது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திருநெல்வேலிப் பகுதியிலிருந்து வந்தவர்கள் இங்குத் தோல் பதனிடும் தொழிலை நிறுவினர். ‘படீ மஸ்ஜித்’ என வழங்கும் பெரிய பள்ளிவாசல் 1887-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. பதனிடும் தொட்டிகள் பெரும்பாலும் மறைந்துவிட்டன. எனினும் தோலைப் பற்றிய இரண்டு செய்திகள் இக்கட்டுரையில் மீண்டும் வரும். பேரீச்சம்பழத்தின் இயல்பை விளக்க அவற்றைவிட நல்ல உவமை கிடைப்பதரிது.

பழத்தின் இயல்பு

பேரீச்சங்காய் மரத்தில் நான்கு நிலைகளைக் கடந்து முதிர்கிறது. அரபு மொழியில் இவற்றுக்குக் கிம்ரி, கலால், ருதப், தமர் என்று பெயர். கிம்ரி என்பது பச்சைக்காய். கலால் நிலையில் காய் மஞ்சளாகவோ சிவப்பாகவோ நிறம் மாறும், கடித்தால் நறுக்கென்றிருக்கும். ருதப் நிலையில் நுனியிலிருந்து கனிந்து குழையும். நீர் வற்றிச் சுருங்கிய நிலையே தமர். கடைகளில் ஆண்டு முழுவதும் கிடைக்கும் பழம் பெரும்பாலும் இக்கடைசி நிலையைச் சேர்ந்தது.

ஜூன், ஜூலை மாதங்களில் மும்பைத் தெருக்களில் குலைகுலையாக விற்கப்படும் மஞ்சள், சிவப்புக் காய்கள் குஜராத்தின் கச்சுப் பகுதியிலிருந்து வருபவை. அங்குப் பழம் தமர் நிலையை எட்டுமுன் பருவமழை தொடங்கிவிடும். மழைபட்டால் குலை அழுகிவிடும். ஆதலால் உழவர்கள் கலால் நிலையிலேயே அறுவடை செய்கின்றனர். ‘கச்சி காரேக்’ எனப்படும் இப்பழம் 2024-ஆம் ஆண்டு ஜனவரியில் புவிசார் குறியீடு பெற்றது. பூரணம் வைப்பதற்கு இது ஏற்றதன்று. இதில் நீர் மிகுதி, சதை கடினம்.

காயாக இருக்கும்போது நாவைப் பிடிக்கும் துவர்ப்பு, பழுத்தபின் எங்கே போயிற்று என்று மாணவர்கள் கேட்பதுண்டு. அத்துவர்ப்புக்குக் காரணம் டானின் என்னும் பொருள். தமிழ்நாட்டுத் தோல் பதனிடுவோர் பயன்படுத்திய ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் இவ்வகைப் பொருளே உள்ளது. அது தோலிலுள்ள புரதத்தைப் பற்றிக்கொள்வதால் தோல் பதப்படுகிறது. நாவின் எச்சிலிலுள்ள புரதத்தை அது பற்றும்போது துவர்ப்பு உணரப்படுகிறது. பழம் முதிரும்போது டானின் நீரில் கரையா உருவத்தை அடைகிறது. அஃதாவது டானின் பழத்தினுள்ளேதான் இருக்கிறது. நாவிற்கு எட்டாமல் கட்டுண்டு கிடக்கிறது.

சர்க்கரையிலும் இத்தகைய மாற்றமொன்று நிகழ்கிறது. கலால் நிலையில் கரும்புச் சர்க்கரையாகிய சுக்ரோஸ் மிகுந்திருக்கும். மென்மையான வகைகள் முதிரும்போது பழத்திலுள்ள நொதி ஒன்று அதனைக் குளுகோஸ், பிரக்டோஸ் என இரண்டாகப் பிளந்துவிடுகிறது. குடலில் நடைபெற வேண்டிய வேலையில் ஒரு பகுதி மரத்திலேயே முடிந்துவிடுகிறது என்று கூறலாம். உலர்ந்த பழத்தில் 100 கிராமுக்கு 60 முதல் 70 கிராம் வரை சர்க்கரையும், ஏறக்குறைய 20 கிராம் நீரும், 7 அல்லது 8 கிராம் நார்ப்பொருளும் உள்ளன.

மும்பையில் மார்ச் மாதத்தில் ரமலான் வருமாயின் நோன்பின் கால அளவு ஏறக்குறைய 13 மணி நேரம். 2016-ஆம் ஆண்டில் வந்ததுபோல் ஜூனில் வருமாயின் 14 மணி நேரத்துக்கும் மேல். இத்துணை நேரத்தில் ஈரலில் சேமித்த சர்க்கரையின் பெரும்பகுதி செலவாகிவிடுகிறது. நோன்பைக் கனிந்த பேரீச்சையால் திறப்பதும், அது கிட்டாதபோது உலர்ந்த பேரீச்சையாலும், அதுவும் இல்லாதபோது தண்ணீராலும் திறப்பதும் நபிகள் நாயகத்தின் வழக்கம் என்று மார்க்க நூல்கள் கூறுகின்றன. பாலைவனத்தில் கெடாமல் கிடைக்கக்கூடிய சர்க்கரைகளுள் இதுவும் ஒன்று என்பதையும் கருத வேண்டும்.

உலர்வின் காவல்

இனி, முதலில் எழுப்பிய கேள்விக்கு வரலாம். பேரீச்சம்பழம் ஏன் கெடுவதில்லை? அதில் நீர் இல்லாமையால் என்று விடை கூறுவது முற்றிலும் சரியன்று. ஐந்தில் ஒரு பங்கு நீர் உள்ள பொருளை வறண்ட பொருள் என்று எவ்வாறு சொல்வது? உண்மை யாதெனில், அந்நீர் முழுவதும் சர்க்கரையால் பிடித்துவைக்கப்பட்டுள்ளது. கிருமிகளுக்குப் பயன்படத்தக்க நீர் அதில் மிகக் குறைவு.

ஒரு பொருளில் மொத்தம் எவ்வளவு நீர் உள்ளது என்பதைவிட, எவ்வளவு நீர் கட்டின்றி உள்ளது என்பதே கிருமிகளின் வளர்ச்சியைத் தீர்மானிக்கிறது என்பதை ஆஸ்திரேலிய விஞ்ஞானி வில்லியம் ஜேம்ஸ் ஸ்காட் 1953-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில் தெளிவாக்கினார். இந்த அளவைச் சுத்த நீருக்கு 1 எனவும், முற்றிலும் வறண்ட பொருளுக்கு 0 எனவும் வைத்துக் கணக்கிடுவர். பெரும்பாலான பாக்டீரியாக்கள் 0.9-க்குக் கீழே பெருகமாட்டா. நச்சுணவுக்குக் காரணமான ஸ்டாபிலோகாக்கஸ் என்னும் கிருமி சற்று வலியது, அது 0.86 வரை தாக்குப்பிடிக்கும். நன்கு உலர்ந்த பேரீச்சையின் அளவோ 0.6 முதல் 0.7 வரையே. சில பூசணங்களும், சர்க்கரையை விரும்பும் சில ஈஸ்டுகளும் தவிர வேறெதுவும் அங்கு வாழ்வது கடினம்.

கசாப்புக் கூடத்திலிருந்து வரும் பச்சைத் தோலை உப்பிட்டு அடுக்குவது இதே நியதியைத் தழுவியதுதான். உப்பு நீரைப் பிடித்துக்கொள்கிறது. கிருமி பட்டினி கிடக்கிறது. பேரீச்சையில் உப்பின் வேலையைச் சர்க்கரை செய்கிறது.

இதனை வகுப்பில் காட்ட எளியதொரு சோதனை உண்டு. அகன்ற வாயுள்ள கண்ணாடிக் குப்பிகள் இரண்டை எடுத்துக்கொள்ள வேண்டும். ஒன்றின் அடியில் சமையல் உப்பை இட்டு, ஈர மணல்போல் ஆகும் வரை தண்ணீர் தெளிக்க வேண்டும். மற்றதன் அடியில் வெறும் தண்ணீரை ஊற்ற வேண்டும். ஒவ்வொன்றினுள்ளும் சிறு கிண்ணமொன்றைக் கவிழ்த்து வைத்து, அதன்மேல் கொட்டை நீக்கிய அரைப் பழத்தை வைத்து, மூடியை இறுக மூடிவிட வேண்டும். ஈர உப்புள்ள குப்பியின் காற்றில் ஈரப்பதம் 75 சதவீத அளவில் தானாகவே நிலைத்து நிற்கும். தண்ணீர்க் குப்பியில் அது 100 சதவீதத்தை நெருங்கும். தண்ணீர்க் குப்பியிலுள்ள பழம் நாளடைவில் ஈரத்தை உறிஞ்சிப் பளபளத்து, பின்னர்ப் பூசணம் பூக்கும். உப்புக் குப்பியிலுள்ளது நெடுநாள் தாங்கும். காற்றின் ஈரமே பழத்தின் காவலைத் தளர்த்தப் போதுமானது என்பது மாணவர்களுக்குக் கண்கூடாக விளங்கும். சோதனை முடிந்தபின் குப்பியைத் திறக்காமல் அப்படியே அப்புறப்படுத்துவது நன்று. பூசணத்தூளைக் குழந்தைகள் முகரக் கூடாது.

மூன்றாவது குப்பி ஒன்றையும் வைக்கலாம். அதில் தண்ணீருக்குப் பதிலாக அரைப் பழத்தின் குழியிலேயே ஒரு கரண்டி ‘சக்கா’வை வைக்க வேண்டும். சக்கா என்பது துணியில் கட்டித் தொங்கவிட்டு நீரை வடித்த தயிர். ஸ்ரீகண்ட் செய்வதற்காக மும்பைப் பால் கடைகளில் விற்கப்படுவது. இக்குப்பியில் நேர்வதே இக்கட்டுரையின் மையப் பொருளாகும்.

திறப்பதால் வரும் ஆதாயம்

பேரீச்சம்பழத்தைக் கீறுவதால் நன்மை ஒன்றும் தீமை ஒன்றும் விளைகின்றன. நன்மையை முதலில் கூறலாம்.

முழுப் பழத்தை அந்தி நேரத்தில், பாங்கு ஒலித்தவுடன், பார்க்காமலே வாயில் இட்டுக்கொள்வது வழக்கம். உள்ளே என்ன இருக்கிறது என்பது எவருக்கும் தெரியாது. சேமிப்புக் கிடங்குகளில் உலர்பழங்களைத் தாக்கும் அந்துப்பூச்சியின் புழு, காம்படித் துளை வழியாக உட்புகுந்து கொட்டையைச் சுற்றியுள்ள வெற்றிடத்தில் வாழும். ரம்பம்போன்ற விளிம்புடைய சிறு பழுப்பு வண்டு ஒன்றும் அவ்வாறே தங்கும். வெளித்தோற்றத்தில் குற்றமற்ற பழத்தினுள் நூலாம்படையும் புழுவின் எச்சமும் இருக்கக்கூடும். இன்னும் சில பழங்களினுள் கரித்தூள் கொட்டியதுபோல் கரும்பூசணம் படர்ந்திருக்கும். பூரணம் வைப்பதற்காக ஒவ்வொரு பழத்தையும் கீறும்போது இவையனைத்தும் கண்ணில் பட்டுவிடுகின்றன. பூரணமிட்ட பழத்தின் முதற்பயன் சுவையன்று, இச்சோதனையே என்று சொன்னாலும் மிகையாகாது. கரும்பூசணம் உள்ள பழத்தை வெட்டித் திருத்த முயலாமல் முழுவதுமாக எறிந்துவிட வேண்டும்.

பழத்தின் தோலின்கீழ் வெண்ணிறப் புள்ளிகள் காணப்பட்டால் உடனே பூசணம் என்று அஞ்ச வேண்டியதில்லை. அது பெரும்பாலும் படிகமான சர்க்கரையே. வெதுவெதுப்பான நீரில் தேய்த்தால் சர்க்கரை கரைந்துவிடும். பூசணமாயின் பஞ்சுபோல் ஒட்டும், முடைநாற்றமும் வீசும்.

செம்பூரை அடுத்த டிராம்பேயிலுள்ள பாபா அணு ஆராய்ச்சி மையம், காமாக் கதிர்களைக் கொண்டு உணவுப் பொருள்களிலுள்ள பூச்சிகளை ஒழிக்கும் முறையில் பல்லாண்டுகளாக ஆராய்ச்சி நடத்தி வந்துள்ளது. உலர்ந்த பழங்களுக்கு இம்முறையைப் பயன்படுத்த இந்தியச் சட்டம் இடமளிக்கிறது. கதிர்வீச்சு புழுவையும் முட்டையையும் அழிக்கும். செத்த புழுவை அகற்றாது. உறையைப் பிரித்தபின் புதிதாக வரும் பூச்சியையும் தடுக்காது. ஆகவே கீறிப் பார்க்கும் வேலை எவ்வாறாயினும் மிஞ்சுகிறது.

கழுவுவதைப் பற்றி ஐயம் எழுவதுண்டு. பழம் உலர்ந்தது, கிருமி வளராது, பின்னர் ஏன் கழுவ வேண்டும்? வளராது என்பது வேறு, சாகாது என்பது வேறு. 2021-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஹெபடைடிஸ்-ஏ என்னும் ஈரல் அழற்சி நோய் பரவியபோது, ஜோர்டானிலிருந்து வந்த மெட்ஜூல் பேரீச்சையே அதற்குக் காரணமென்று கண்டறியப்பட்டது. உலர்வு கிருமியைப் பெருகவிடாமல் தடுக்கும் காவலாளியே. அதனைக் கொல்லும் தீயன்று. வைரசுக்கோ பெருக வேண்டிய தேவையே இல்லை. ஒட்டிக்கொண்டு வந்தாலே போதும். ஆதலால் பழத்தை ஓடும் குழாய்நீரில் கழுவி, துணியால் ஒற்றி, நன்றாக ஈரம் போனபின்பே கீற வேண்டும். குழாயில் சில மணி நேரமே நீர் வரும் வீடுகளில், நீர் வரும் வேளையிலேயே கழுவி உலர்த்திவிடுவது சிறந்தது. பீப்பாயில் கைவிட்டு மொண்ட நீரில் கழுவினால் வந்த அழுக்கைப் போக்கி வேறோர் அழுக்கை ஏற்றியதாகும். மொத்தமாக வாங்கிய பழம் முழுவதையும் கழுவி வைப்பதும் தவறு. மேலே தங்கும் ஈரம் பூசணத்துக்கு வழி செய்யும். அன்றைக்கு வேண்டியதை மட்டும் கழுவ வேண்டும்.

பூரணம்

தீமை இங்கே தொடங்குகிறது. கொட்டையை எடுத்த குழியில் வைக்கப்படும் பொருள், பழத்தின் உலர்ந்த தன்மையைப் பகிர்ந்துகொள்கிறதா, கலைத்துவிடுகிறதா என்பதே கேள்வி.

நீர் எப்போதும் மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குச் செல்லும். வறுத்த நிலக்கடலையைப் பழத்தினுள் வைத்தால், பழத்தின் ஈரத்தில் சிறிதளவு கடலைக்குச் செல்லும். மறுநாள் கடலையின் மொறுமொறுப்புப் போய்விடும். கேடு வேறொன்றுமில்லை, இரண்டும் உலர்ந்தவையே. சக்காவையோ, பன்னீரையோ, கோவாவையோ, பாலேட்டையோ வைத்தால் நீர் எதிர்த்திசையில் செல்கிறது. பாற்பொருளில் கட்டற்ற நீர் நிறைய உள்ளது. பழத்தின் சர்க்கரை அதனை ஈர்க்கிறது. இரண்டும் தொடும் இடத்தில் பழம் இளகிப் பாகாகிறது. அந்த மெல்லிய படலத்தில் நீர், சர்க்கரை, புரதம் மூன்றும் ஒன்றுகூடுகின்றன. மும்பையின் மாலை வெப்பம் 30 டிகிரி சென்டிகிரேடு அளவில் இருக்கும்போது கிருமிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? மூன்றாவது குப்பியில் மாணவர்கள் காண்பது இதனையே.

எனவே பூரணங்களை இரண்டு இனமாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். முன்கூட்டியே செய்து வைக்கத்தக்கவை உலர் பூரணங்கள். உண்ணும் வேளையில் மட்டும் வைக்க வேண்டியவை ஈரப் பூரணங்கள்.

உலர் பூரணத்தில் மிக எளியது, ஒரு பழத்துக்கு ஒரு பாதாம் பருப்பு. அதன் விலை எல்லார்க்கும் எட்டுவதன்று. மாட்டுங்காச் சந்தையிலுள்ள தமிழர் கடைகளிலும் தாராவியின் மளிகைக் கடைகளிலும் தட்டின்றிக் கிடைக்கும் பொட்டுக்கடலை, வறுத்த நிலக்கடலை, வறுத்த எள் ஆகிய மூன்றைக் கொண்டு நல்ல பூரணம் செய்யலாம். இவை வறுத்த நிலையிலேயே கிடைப்பதால் வீட்டில் அடுப்பு மூட்ட வேண்டியதில்லை.

24 நடுத்தரப் பழங்களுக்கு, பொட்டுக்கடலைப் பொடி 40 கிராம், தோல் நீக்கி நொறுக்கிய நிலக்கடலை 30 கிராம், எள் ஒரு மேசைக்கரண்டி, ஏலக்காய் இரண்டு, உப்பு ஒரு சிட்டிகை எடுத்துக்கொள்ளலாம். இப்பொடி உதிராமல் சேர்ந்து நிற்க ஏதேனும் ஒரு பசை வேண்டும். பாலோ தண்ணீரோ தெளிப்பது பலரது வழக்கம். இங்கேதான் நல்ல பூரணம் கெடுகிறது. அதற்குப் பதிலாக, உடைந்தும் நசுங்கியும் போன பழங்கள் நான்கைந்தைக் கொட்டை நீக்கிப் பிசைந்து பொடியுடன் சேர்த்தால் அதுவே பசையாகும். பழத்தைப் பழத்தாலேயே ஒட்டுவதால் புதிய நீர் ஒரு துளியும் சேர்வதில்லை. பூரணத்தைக் கொட்டையின் அளவாக உருட்டிக் குழியில் வைத்து, பழத்தை விரலால் அழுத்தி மூடி, எள்ளில் ஒரு முறை புரட்டி எடுத்தால் பண்டம் முடிந்தது. இரண்டொரு மணி நேரத்தில் பொட்டுக்கடலைப் பொடி ஈரத்தை வாங்கிக் கெட்டிப்படும், உண்ணும்போது உதிராது.

நிலக்கடலையைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் தேவை. சுருங்கியவை, நிறம் மாறியவை, பூசணம் பிடித்தவை ஆகியவற்றில் அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சு இருக்கக்கூடும். 1960-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் நிலக்கடலைப் புண்ணாக்கைத் தின்ற வான்கோழிகள் பெருந்தொகையாக மடிந்தபோதுதான் இந்நஞ்சு முதன்முதலாக அறியப்பட்டது. இந்தியாவில் 1974-ஆம் ஆண்டில் குஜராத்தின் பஞ்சமகால், ராஜஸ்தானின் பான்ஸ்வாடா மாவட்டங்களில் பூசணம் பிடித்த மக்காச்சோளத்தை உண்டு பலர் ஈரல் நோயால் இறந்தனர். வறுப்பதால் இந்நஞ்சு முழுமையாக அழிவதில்லை. நொறுக்கிய கடலையை மலிவாக வாங்குவதைவிட முழுக் கடலையை வாங்கிப் பொறுக்கி நொறுக்குவதே நலம். நொறுங்கியபின் எது நல்லது, எது சொத்தை என்று எவரால் கூற இயலும்?

தேங்காய் விரும்புவோர் கொப்பரைத் துருவலைப் பயன்படுத்தலாம். பச்சைத் தேங்காய்த் துருவல் ஈரப் பூரணமே. கடினமான காய்ந்த பேரீச்சையை, வடநாட்டார் சுகாரா என்பதனை, ஊறவைத்துப் பூரணமிடுவோரும் உண்டு. ஊறிய பழம் தன் காவலை இழந்துவிட்ட பழம். அதனுள் எத்துணை உலர்ந்த பருப்பை வைத்தாலும் அன்றைக்கே உண்ண வேண்டும். ஈரானிலிருந்து ‘கிமியா’ என்ற பெயரில் பெட்டியில் வரும் கரிய, குழைந்த மஸாஃபத்திப் பழத்திலும் இயல்பாகவே நீர் மிகுதி. அது குளிர்பெட்டியில் இருக்க வேண்டியது. தாராவிச் சிறு கடைகளில் வெளியே அடுக்கி வைக்கப்பட்ட அத்தகைய பெட்டியை வாங்குவோர் புளித்த வாடை உள்ளதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

நோன்பிருப்பவர் செய்யும் பண்டம் என்பதால் இதில் வேறோர் இடர்ப்பாடும் உண்டு. சமையல் நூல்கள் இதனைக் கூறுவதில்லை. செய்பவர் சுவைத்துப் பார்க்க இயலாது. கொப்பரையும் வால்நட்டும் நிலக்கடலையும் எண்ணெய்ப் பொருள்கள். வெப்பத்தில் நாள்பட்டால் காறிப்போகும். ஒரு காறிய பருப்பு ஒரு தட்டு பூரணத்தைக் கெடுத்துவிடும். ஆதலால் பருப்புகளை முந்திய இரவிலேயே, நோன்பு திறந்தபின், ஒன்றிரண்டைத் தின்று பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். அளவுகளைத் துல்லியமாகக் கடைப்பிடிப்பதும் இதே காரணத்தால் இன்றியமையாததாகிறது.

ஈரப் பூரணத்தை முற்றிலும் விலக்க வேண்டியதில்லை. சக்காவில் ஏலப்பொடி கலந்து வைத்த பழம் மிக்க சுவையுடையது. நாள் முழுதும் வறண்ட நாவிற்கு இதமானதும்கூட. கீறிய பழத்தைத் தனியாகவும், சக்காவைக் குளிர்பெட்டியில் தனியாகவும் வைத்திருந்து, மாலை ஐந்து மணிக்குப் பின் இரண்டையும் சேர்த்து, மக்ரிப் வேளையில் உண்டு முடித்துவிட வேண்டும். கெடும் உணவை வெளியில் வைக்கத்தக்க கால எல்லை இரண்டு மணி நேரம். வெப்பம் 32 டிகிரிக்கு மேற்பட்டால் ஒரு மணி நேரமே. பள்ளிவாசலுக்கோ பொது இஃப்தாருக்கோ அனுப்பும் தட்டுகளில் ஈரப் பூரணம் கூடவே கூடாது. அத்தட்டு எப்போது புறப்பட்டது, எவ்வளவு நேரம் வெயிலில் காத்திருந்தது என்பது உண்பவருக்குத் தெரியாது.

கை

மேலே குறிப்பிட்ட ஸ்டாபிலோகாக்கஸ் கிருமி மனிதனின் மூக்கிலும் தோலிலும் சாதாரணமாக வாழ்வது. விரலில் சீழ்ப்புண் இருந்தால் அங்குப் பெருந்தொகையாக இருக்கும். அது உணவில் விடும் நஞ்சு கொதித்தாலும் எளிதில் அழிவதில்லை. சமைக்கும் பண்டத்திலேயே இந்நிலை என்றால், கையால் திறந்து, கையால் உருட்டி, கையால் மூடி, அப்படியே வாய்க்குச் செல்லும் பண்டத்தைப் பற்றிக் கூற வேண்டியதில்லை. சோப்பிட்டுக் கழுவி உலர்ந்த கை, புண்ணற்ற விரல், காய்கறி வெட்டாத தனிக் கத்தி ஆகிய இம்மூன்றும் இங்கு அடுப்புக்கு ஈடானவை. இறைச்சி நறுக்கிய பலகையில் பழத்தைக் கீறுவது நோன்பு மாதத்து அவசரத்தில் எளிதில் நேரும் பிழை. தோலோ துணியோ தைக்கும் அறையில் வேலை முடிந்து தூசு அடங்கியபின் தொடங்குவதும், தட்டை மூடி வைப்பதும் வேண்டும்.

ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முழுப் பருப்பு வைத்த பழத்தைத் தரலாகாது. மூச்சுக் குழலில் அடைத்துக்கொள்ளும். பொடிப் பூரணமே ஏற்றது. கொட்டை முழுதும் வெளிவந்ததா, துண்டு உள்ளே தங்கிவிட்டதா என்று விரலால் தடவிப் பார்ப்பதும் இவ்விடத்தில் கூறத்தக்கது.

எத்தனை பழம்?

களப்பணியாளர்களிடம் மிகுதியாகக் கேட்கப்படும் கேள்வி, நீரிழிவு உள்ளவர் பேரீச்சை உண்ணலாமா என்பது. ‘மூன்று பழம் உண்ணலாம்’ என்று எண்ணிக்கையில் விடை சொல்வது பயனற்றது. ஏனெனில் பழத்துக்குப் பழம் வேறுபாடு பெரிது. டெக்லட் நூர் போன்ற சிறு வகையில் ஒரு பழம் ஏறக்குறைய 8 கிராம்; அதில் 5 கிராம் சர்க்கரை. மெட்ஜூல் பழம் ஒன்று, கொட்டை நீங்கலாக, ஏறக்குறைய 24 கிராம். அதில் 16 கிராம் சர்க்கரை. மூன்று சிறு பழமும் ஒரு பெரும் பழமும் ஒன்றே. விலையுயர்ந்த பெரும் பழத்தை அன்பளிப்பாகப் பெற்ற வீட்டில் வழக்கம்போல் மூன்று உண்டால் சர்க்கரை 48 கிராமாகிவிடும். ஐக்கிய அரபு அமீரகத்தில் ஐந்து வகைப் பழங்களைக் கொண்டு நடத்தி 2011-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில், பேரீச்சை இரத்தச் சர்க்கரையை அஞ்சியவாறு வேகமாக உயர்த்துவதில்லை என்று கண்டனர். ஆயினும் அது குறிப்பிட்ட அளவுக்குப் பொருந்தும் முடிவேயன்றி, தட்டு முழுவதற்கும் பொருந்துவதன்று. நிலக்கடலை, எள், பாதாம் ஆகிய பூரணங்களிலுள்ள கொழுப்பும் புரதமும் சர்க்கரை உட்செல்லும் வேகத்தைத் தணிக்கும். சர்க்கரைத் தூளோ இனிப்பூட்டிய கோவாவோ சேர்த்தால் அந்நன்மை போய்விடும்.

மருந்துண்ணும் நீரிழிவு நோயாளிகள் ரமலானுக்கு முன்னரே மருத்துவரைக் காண வேண்டும். நோன்பின்போது இரத்தச் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினாலோ 300-க்கு மேல் ஏறினாலோ நோன்பை உடனே முறித்துவிட வேண்டும் என்பது மருத்துவ நெறி. விரலில் குத்திச் சோதிப்பது நோன்பை முறிக்காது என்பதே மார்க்க அறிஞர் பலரின் கருத்து. இதனை அறியாமல் சோதனையைத் தள்ளிப்போடுவோர் உளர். சிறுநீரக நோயாளிகளுக்கு வேறொரு தடை உண்டு: பேரீச்சையில் 100 கிராமுக்கு 650 மில்லிகிராமுக்கு மேல் பொட்டாசியம் உள்ளது.

இரும்புச் சத்துக்காகப் பேரீச்சை என்னும் நம்பிக்கை பள்ளிப் புத்தகம் வரை புகுந்துள்ளது. மேற்கூறிய டெக்லட் நூர், மெட்ஜூல் வகைகளில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 1 மில்லிகிராம் இரும்பே உள்ளது. சோகையுற்ற பெண்ணுக்கு நாள்தோறும் மூன்று பழத்தை மருந்தாகப் பரிந்துரைப்பது அவரை ஏமாற்றுவதாகும். பூரணத்திலுள்ள எள்ளில் பழத்தைவிட இரும்பு அதிகம். அதனுடன் எலுமிச்சைச் சாறோ கொய்யாவோ சேர்ந்தால் இரும்பு உடலில் நன்கு ஏறும். கையோடு தேநீர் அருந்தினால் ஏறாது. நோன்பு திறந்தவுடன் தேநீர் பருகும் வழக்கமுள்ள வீடுகளில் அதனை ஒரு மணி நேரம் தள்ளிவைக்கச் சொல்வது, எந்தப் பழத்தையும் வாங்கச் சொல்வதைவிடப் பயன் தரும்.

சேமிப்பும் பருவமும்

உலர் பூரணமிட்ட பழங்களைக் காற்றுப் புகாத டப்பாவில் வைத்தால் வெளியில் நான்கைந்து நாளும், குளிர்பெட்டியில் இரண்டு வாரமும் இருக்கும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்தவுடன் டப்பாவைத் திறந்தால் காற்றின் ஈரம் பழத்தின்மேல் வியர்த்துப் படியும். டப்பா அறையின் வெப்பத்துக்கு வந்தபின் திறக்க வேண்டும். பொதியிட்ட பழம் வாங்குவோர் அதன்மேல் 14 இலக்க உணவு உரிம எண்ணும் தேதியும் உள்ளனவா என்று பார்க்கலாம். பளபளப்பாகத் தோன்றும் பழங்கள் சில குளுகோஸ் பாகு பூசப்பட்டவை. உறையில் பொருட்பட்டியலைப் படித்தால் தெரியும்.

இஸ்லாமிய ஆண்டு ஏறக்குறைய 354 நாள் கொண்டது. ஆகவே ரமலான் ஒவ்வோர் ஆண்டும் பத்துப் பதினோரு நாள் முன்னேறி வருகிறது. 2025-ஆம் ஆண்டில் அது மார்ச் மாதத்தில் வந்தது. 2030-ஆம் ஆண்டில் ஜனவரியில் ஒரு முறையும் டிசம்பர் இறுதியில் மறுமுறையும் தொடங்கும். அந்த வறண்ட, குளிர்ந்த மாதங்களில் மும்பையில் பூரணப் பேரீச்சை கெடுவது அரிது. 2040-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ரமலான் பருவமழைக்குள் நுழையும். அப்போது காற்றின் ஈரப்பதம் நாள்கணக்கில் 80 சதவீதத்துக்கு மேல் நிற்கும். ஈர உப்புக் குப்பியைவிட வீட்டின் காற்றே ஈரமாக இருக்கும் அக்காலத்தில், உலர் பூரணத்தையும் அன்றன்று வேண்டிய அளவே செய்து, மூடிய டப்பாவில் வைத்து, அன்றிரவே தீர்த்துவிட வேண்டும்.